பழி லினக்ஸ் மேல், தப்பு என் மேல்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய விலையில்லா மடிக்கணினி வைத்திருப்பவர்கள் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். கணினி பக்கமே போகாதவர்களும் படிக்கலாம். பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துக் கதைதான்.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாப்பா போன் செய்தாள். அவள் அப்பா என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். அவள் பாலிடெக்னிக்கில் சிவில் கடைசி ஆண்டு. என்னை "வாத்தியார் தாத்தா" என்றுதான் கூப்பிடுவாள்.

"வாத்தியார் தாத்தா, லேப்டாப் ஆன் ஆகலைங்க. கருப்பா வந்து எழுத்து எழுத்தா நிக்குது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் வர்ற திங்கக்கிழமை கொடுக்கணும். எல்லாம் அதுலதான் இருக்குது."

அந்த மடிக்கணினியின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது நினைவிருக்கும். எல்காட் மூலம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. தமிழிலேயே பயன்படுத்தலாம். ஆனால் அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? இந்தப் பாப்பாவின் சித்தி 2012-இல் பிளஸ் டூ படித்தபோது வாங்கிய கணினி இது. சித்திக்குக் கல்யாணமாகி ஓசூர் போன பிறகு பரண்மேல் கிடந்தது.

2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. புது விண்டோஸை இந்தப் பழைய மாடு இழுக்காது. நான் 2019-இல் ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காக இப்படிப்பட்ட கணினிகளைப் பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி, லுபுண்டு என்னும் இலேசான லினக்ஸைப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாப்பாவின் கணினிக்கும் நானே போட்டேன். 2 ஜிபி மெமரி போதவில்லை என்று, என்னிடம் இருந்த பழைய 2 ஜிபி மெமரி அட்டை ஒன்றையும் கூடவே சொருகிக் கொடுத்தேன். "காசு எதுவும் வேண்டாம்மா, நல்லாப் படி" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். இந்தப் பெருமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, போனில் கேட்டேன். "கடைசி வரியில என்ன இருக்கு, எழுத்துக்கூட்டிப் படி."

படித்தாள். அடைப்புக்குறிக்குள் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று வந்து நிற்கிறது, அதற்கு மேலே 'எஃப்எஸ்சிகே கையால் ஓட்டவும்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தெரிந்த நோய். முந்தின நாள் கோடை மழையில் கரண்ட் போயிருந்தது. அந்தக் கணினிக்கு பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, நேரடி மின்சாரத்தில்தான் ஓடுகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டிஸ்க்கில் கோப்புகளின் கணக்குவழக்கு குழம்பும். அதைச் சரிசெய்யும் கட்டளைதான் எஃப்எஸ்சிகே. ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆம்' என்று தானே பதில் சொல்லிக்கொள்ளும்படி ஓட்டலாம். அப்படியே போனில் சொல்லி அடிக்க வைத்தேன். வரிகள் ஓடின. மறுபடி ஆன் செய்ததும் கணினி வந்துவிட்டது.

"வந்துருச்சுங்க தாத்தா!"

"வராம எங்க போகும்?" என்று போனை வைத்தேன்.

ஒரு மணி நேரம்தான். மறுபடி நின்றது. இந்த முறை வேறு இடத்தில். அடுத்த முறை இன்னொரு இடத்தில், 'கெர்னல் பேனிக்' என்று. நான்காவது முறை திரை வரைக்கும் வந்து அப்படியே உறைந்து போனது. நான் அன்று இரவு போனை எடுக்கவில்லை, தூங்கிவிட்டேன். திங்கட்கிழமை காலை அவள் அப்பா அதை எடுத்துக்கொண்டு டவுனில் ஒரு கடைக்குப் போய்விட்டார். கடைக்காரர் ஆன் செய்து பார்த்தார். லினக்ஸ் என்று தெரிந்ததும் சொல்லிவிட்டார்: "யாருங்க இத போட்டது? லினக்ஸ் போட்டதால ஹார்ட் டிஸ்க் போச்சு. புது டிஸ்க், விண்டோஸ், எல்லாம் சேத்து 3,800 ஆகும். பழைய ஃபைல் எதுவும் வராது."

3,800 ரூபாய் அவருக்கு ஐந்தாறு நாள் கூலி. மத்தியானம் கணினியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். பாப்பா கூடவே வந்து, வாசலிலேயே நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. லினக்ஸ் டிஸ்க்கைக் கெடுக்குமா? என்ன சோதித்துப் பார்த்துச் சொன்னார் அந்த மனுஷர்? இப்படியெல்லாம் திட்டிக்கொண்டேதான் கணினியை மேசையில் வைத்தேன். திட்டி முடித்ததும் எனக்கே ஒன்று உறைத்தது. நான் மட்டும் என்ன சோதித்துப் பார்த்துவிட்டு எஃப்எஸ்சிகே ஓட்டச் சொன்னேன்?

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. அடைவுத் தேர்வு வேறு, குறையறி சோதனை வேறு. அடைவுத் தேர்வு மதிப்பெண் போடுவதற்கு. குறையறி சோதனைக்கு மதிப்பெண் கிடையாது. கழித்தல் கணக்கு தப்பாகப் போடும் பிள்ளை கடன் வாங்குவதில் தடுமாறுகிறதா, இடமதிப்பே தெரியவில்லையா, எண்ணையே தப்பாகப் பார்த்து எழுதுகிறதா என்று படிப்படியாகப் பிரித்துப் பார்ப்பதற்கு. ஒரு கேள்வியில் ஒரே ஒரு திறனைத்தான் சோதிக்க வேண்டும். இரண்டைக் கலந்தால் எது குறை என்று தெரியாது. டிப்ளமோ தேர்வில் இதைப் பத்து மதிப்பெண் வினாவாக எழுதித் தேறியவன் நான்.

ஒரு தாளை எடுத்து அந்த முறையிலேயே எழுதினேன். உங்களுக்கும் உதவும் என்பதால் வரிசையாகத் தருகிறேன்.

முதல் கேள்வி: எங்கே நிற்கிறது? பட்டனை அழுத்தினால் விளக்கே எரியவில்லை என்றால் அடாப்டரையும் சார்ஜ் முனையையும் பாருங்கள். லினக்ஸ் அந்தக் கட்டத்துக்கு வரவே இல்லை. விளக்கு எரிந்து, விசிறி சுற்றி, திரை மட்டும் இருட்டாக இருந்தால், அல்லது 'பீப் பீப்' என்று கத்தினால், பெரும்பாலும் மெமரி அட்டை சரியாக உட்காரவில்லை. கழற்றி, அதன் தங்கநிற முனைகளை பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுத் திரும்பச் சொருகிப் பாருங்கள். பாதி வழக்கு இங்கேயே முடியும். ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிப்போனால் உள்ளே இருக்கும் 3 வோல்ட் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032 என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். சில மடிக்கணினிகளில் வயரோடு சேர்ந்து இருக்கும், பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். இதைத் தாண்டி, குரூப் என்னும் தேர்வுப் பட்டியல் வந்து, அதற்குப் பிறகு நின்றால்தான் லினக்ஸ் பக்கம் சந்தேகமே வர வேண்டும். பாப்பாவின் கணினி அந்தப் பட்டியலைத் தாண்டித்தான் நின்றது.

இரண்டாவது கேள்வி: ஒரே இடத்தில் நிற்கிறதா, ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலா? இது முக்கியம். கோப்பு ஒன்று கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறும். இடம் மாறி மாறி விழுந்தால் வன்பொருளைச் சந்தேகப்படுங்கள்: மெமரி, சூடு, மின்சாரம். இந்தத் தகவலைப் பாப்பா எனக்கு வாட்சப்பில் நான்கு படங்களாக ஞாயிறு இரவே அனுப்பியிருந்தாள். நான் பார்க்கவில்லை.

மூன்றாவது: டிஸ்க்கில் இருக்கும் லினக்ஸை விட்டுவிட்டு, பென்டிரைவில் இருக்கும் லினக்ஸில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டினேன். அதுவும் பாதியில் உறைந்தது. அந்தப் பென்டிரைவே கெட்டிருந்தால்? அதே பென்டிரைவை என் கணினியில் போட்டேன், நன்றாக ஓடியது. பிறகு பாப்பாவின் கணினியில் டிஸ்க்கையே கழற்றிவிட்டு, பென்டிரைவை மட்டும் வைத்து ஓட்டினேன். அப்போதும் உறைந்தது. ஆக, டிஸ்க் பெட்டிக்கு வெளியே இருக்கும்போதும் நோய் உள்ளேதான் இருக்கிறது. டிஸ்க் மேலும் அதில் இருந்த லினக்ஸ் மேலும் சொன்ன குற்றச்சாட்டு இங்கே நிற்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அந்தக் கடைக்காரரிடம் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று கூட நினைத்துக்கொண்டேன்.

நான்காவது: மெமரி சோதனை. குரூப் பட்டியலின் அடியில் 'மெமரி டெஸ்ட்' என்று ஒரு வரி உண்டு. எத்தனையோ கணினிகளில் அந்த வரியைப் பார்த்துத் தாண்டிப் போயிருக்கிறேன். மெம்டெஸ்ட் என்னும் அந்த நிரல், மெமரியின் ஒவ்வொரு அறையிலும் ஒன்றை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதே வருகிறதா என்று பார்க்கும். ஓட்டினேன். பத்து நிமிடம் ஆவதற்குள் திரையில் சிவப்பு வரிகள் வரிசையாக விழுந்தன.

இரண்டு அட்டைகளையும் கழற்றினேன். கணினியோடு வந்த அட்டையை மட்டும் வைத்து ஓட்டினேன். சிவப்பு இல்லை. அதை எடுத்துவிட்டு மற்றதை அதே இடத்தில் வைத்து ஓட்டினேன். சிவப்பு. சொருகும் இடம் காரணமாக இருக்குமோ என்று அடுத்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். அங்கும் சிவப்பு. கெட்டது அந்த அட்டைதான்.

அது நான் கொடுத்த அட்டை.

பாப்பாவும் அவள் அப்பாவும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். சொல்லாமல் மறைத்திருக்கலாம், அவர்களுக்குத் தெரிந்திருக்காது. சொல்லிவிட்டேன். "லினக்ஸும் இல்ல, டிஸ்க்கும் இல்ல. நான் போட்டுக் கொடுத்த மெமரிதான் கெட்டது. போடும்போது சோதிச்சுப் பாக்காமப் போட்டுட்டேன்."

அது ஏன் இடம் மாறி மாறி நின்றது என்று பாப்பா கேட்டாள். நல்ல கேள்வி. வகுப்பில் நான்காவது பெஞ்சின் கால் ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பிள்ளைகள் இடம் மாறி உட்காருகிறார்கள். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் யார் உட்கார்ந்தாரோ அவர் விழுவார். விழுந்த பிள்ளையைத்தான் நாம் அதட்டுவோம். பெஞ்சைக் குனிந்து பார்க்க மாட்டோம்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்று மிச்சம் இருந்தது. எஃப்எஸ்சிகே. அது டிஸ்க்கில் உள்ள கணக்கை மெமரிக்குக் கொண்டுவந்து, அங்கே சரிபார்த்து, திருத்தியதை டிஸ்க்கில் எழுதும். மெமரியே தப்பாகப் படிக்கும்போது சரியாக இருந்ததையும் தப்பு என்று சொல்லித் திருத்தி எழுதிவிடும். நான் வேறு எல்லாவற்றுக்கும் 'ஆம்' சொல்ல வைத்திருந்தேன். கண் தெரியாதவர் கையில் சிவப்புப் பேனாவைக் கொடுத்து விடைத்தாள் திருத்தச் சொன்னது போல. நண்பர்களே, இதை மட்டும் மறக்காதீர்கள்: மெமரியைச் சோதிக்காமல் டிஸ்க்கைச் சரிசெய்யப் போகாதீர்கள். முதலில் கோப்புகளை நகல் எடுங்கள். சரிசெய்வது அதற்குப் பிறகு.

நல்ல அட்டையை மட்டும் வைத்து, டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, பென்டிரைவ் லினக்ஸில் ஏறினேன். ஓடியது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும், அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அதில் 5-ஆம் எண் வரி, கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகளைச் சொல்லும். 197-ஆம் எண், சந்தேகத்தில் இருக்கும் பகுதிகளைச் சொல்லும். 199-ஆம் எண் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள் அல்லது இணைப்புக் கோளாறு. மூன்றும் பூஜ்யம். 2012-இல் வந்த டிஸ்க் திடமாக இருந்தது. எதையும் எழுத முடியாதபடி, படிக்க மட்டும் திறந்து, கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுத்தேன்.

ரிப்போர்ட்டின் முதல் இரண்டு அத்தியாயங்கள் இருந்தன. மூன்றாவது, 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்னும் அடைவில் பெயர் போய் வெறும் எண்ணோடு கிடந்தது. பள்ளியில் தொலைந்த பொருள்கள் போட்டுவைக்கும் பெட்டி மாதிரி அது. திறந்து பார்த்துக் கண்டுபிடித்தோம். அட்டவணைக் கோப்பு மட்டும் திறக்கவே இல்லை. என்னென்னவோ செய்து பார்த்தேன். போனது போனதுதான்.

அந்த அட்டவணைதான் அவள் ப்ராஜெக்டின் உயிர். பென்னாகரம் ஒன்றியத்தில் கிணறு, ஆழ்துளைக் கிணறு என்று 26 இடங்களில் தண்ணீர் எடுத்து புளூரைடு அளவு பார்த்திருந்தாள். நம் மாவட்டத்து ஆசிரியர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பல்லில் பழுப்புக் கறையோடு சிரிக்கும் பிள்ளைகளை ஆண்டுக்காண்டு பார்த்தவர்கள் நாம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் அந்தத் தண்ணீர் வராத நாளில் ஊர்க் கிணற்றுக்குத்தானே போகிறார்கள்? அந்த நாட்களில் என்ன குடிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் அவள் வெயிலில் அலைந்திருந்தாள்.

"நோட்டுல எழுதி வச்சிருக்கேங்க தாத்தா," என்றாள். 80 பக்க நோட்டு. தேதி, இடம், அளவு, எல்லாம் நீல மையில். நான் கும்பிடாத குறை. அவள் என் கணினியில் உட்கார்ந்து இரண்டு நாள் மாலையில் மறுபடி அடித்தாள். நான் பக்கத்தில் இருந்து எண்களைப் படித்துச் சொன்னேன். என் வீட்டுக்காரி இருவருக்கும் ராகி அடை சுட்டுக் கொடுத்தாள்.

கணினிக்கு லினக்ஸைப் புதிதாகவே போட்டேன். வேறொரு மெமரி அட்டை என் காசில் வாங்கினேன். இந்த முறை ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டு, காலையில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை என்று பார்த்த பிறகுதான் கொடுத்தேன். ரிப்போர்ட் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தது.

கடைசி நாள் மாலை, பாப்பா அடித்துக்கொண்டிருக்கும்போது அவள் அப்பாவும் நானும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். பெஞ்சுக் கதையை அவர் மனசில் வைத்திருந்தார் போலிருக்கிறது. திடீரென்று அவர் வகுப்பில் இருந்த ஒரு பையனின் பெயரைச் சொல்லி, "அவன ஞாபகம் இருக்குதுங்களா சார்?" என்றார்.

எப்படி இல்லாமல் போகும்? 1991. கரும்பலகையில் நான் 38 என்று எழுதினால் அவன் 33 என்று எழுதுவான். 6-ஐ 8 என்பான். கவனமில்லாத பயல் என்று முடிவு கட்டி, மணிக்கட்டில் எத்தனை அடி அடித்திருப்பேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஒரு நாள் பலகைக்குப் பக்கத்தில் முட்டிபோட வைத்தேன். அன்றைக்கு மட்டும் எல்லாக் கணக்கும் சரியாக எழுதினான். 'பார்த்தியா, பயம் இருந்தா வருது' என்று வகுப்புக்கே சொன்னேன். மறுவருஷம் ஊருக்குக் கண் முகாம் வந்தபோதுதான் தெரிந்தது, அவனுக்குத் தூரப்பார்வை சுத்தமாக இல்லை என்று. அதற்குள் அவன் படிப்பை விட்டு ஆடு மேய்க்கப் போய்விட்டான்.

"எனக்கு அப்ப தெரியலப்பா," என்றேன்.

அவர் குரலில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. சும்மா சொல்வது போலத்தான் சொன்னார்: "எங்க பெஞ்சுல எல்லாருக்கும் தெரியுங்க சார். அவன் எங்க நோட்டப் பாத்துத்தான் எழுதுவான். நீங்க கேக்கலைங்க."

நான் ஒன்றும் பேசவில்லை. உள்ளே பாப்பா தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைக்காரரிடம் நாலு வார்த்தை கேட்க நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? அவர் பார்க்காமல் சொன்னார், நான் பார்க்காமல் செய்தேன். அவர் சொன்னதில் நஷ்டம் எதுவும் ஆகவில்லை. நான் செய்ததில் ஒரு கோப்பு போனது.

அந்தக் கெட்ட அட்டை என் மேசை மேல்தான் இருக்கிறது. தூக்கிப் போடவில்லை. யாராவது கணினியோடு வந்தால் முதலில் அதைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கிறேன்.

பரணில் பழைய மடிக்கணினி இருப்பவர்கள் எடைக்குப் போடாதீர்கள். கொண்டுவாருங்கள், பார்ப்போம். வரும்போது இரண்டு விஷயம்: கடைசியாக ஒழுங்காக ஓடியது எப்போது, அதற்குப் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று எழுதி வாருங்கள். நிற்கும் திரையை, ஒவ்வொரு முறையும், போனில் படம் எடுத்து வாருங்கள். இனிமேல் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போவேன்.

அந்தப் பையன், இப்போது பையன் இல்லை, நாற்பதைத் தாண்டியிருப்பான், பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கிறானாம். பாப்பாவின் அப்பா நம்பர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இரண்டு முறை எடுத்து, போடாமல் வைத்துவிட்டேன். இந்த ஞாயிறு பேச வேண்டும்.